உயர்தரத்தில் (A/L) பயோ படித்தவர்கள் ஆய்வுக்காகப் பைதன் என்ற கணினி மொழி படிக்க முடியுமா?

முடியும். நீங்கள் அநேகமாகக் கடைசி வருடத்தில் இருப்பீர்கள், எக்செலில் தரவு குவிந்து கிடக்கும், ‘மெத்ஸ் படிக்காத உங்களுக்கு இது சரிவராது’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அதனால்தான் பதில் கொஞ்சம் நீளம்.

நானும் பயோதான். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. குடிக்கவும் தோட்டத்துக்கும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் கிணற்று நீர்தான். வெங்காயத்துக்குப் போடும் உரமும் நைத்திரேற்றாக அதற்குள்தான் இறங்குகிறது. என் கைக்கு வந்தவை யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிக் கிணறுகளின் நைத்திரேற்று அளவீடுகள், பலர் பல காலத்தில் எடுத்தவை. ஒரே நிரலில் (column) சில கட்டங்களில் எண், சிலவற்றில் ‘மிகக் குறைவு’ என்று எழுத்து, சிலவற்றில் வெறும் கோடு. பைதனில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் என்ற கருவி அந்த நிரல் முழுவதையும் எழுத்தாகவே எடுத்துக்கொண்டு சராசரி தர மறுத்தது. வகுப்புகளில் காட்டுகிற ஐரிஸ் பூத் தரவில், அதுதான் 1936 இல் புள்ளிவிபரவியலாளர் ஃபிஷர் பயன்படுத்திய அந்த 150 பூக்கள், இந்தத் தலையிடி எதுவும் வராது.

ஒருவழியாகச் சுத்தப்படுத்தி வரைந்து பார்த்தால், பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. ஒன்று மற்றதைப் போல நாலரை மடங்கு. மெத்ஸ் படித்த நண்பர் ஏதோ புள்ளிவிபரச் சோதனை செய்யச் சொன்னார். நான் நைத்திரேற்றின் நிறை 62 ஐ அதிலுள்ள நைதரசனின் நிறை 14 ஆல் வகுத்தேன்: 4.43. சிலர் நைத்திரேற்றாகவும் சிலர் அதிலுள்ள நைதரசனாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள்! உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம், நைதரசனாக ஏறத்தாழ 11. ஆக, நைதரசன் கணக்கில் 12 என்று பதிந்த கிணறு பார்வைக்கு நல்ல கிணறு, உண்மையில் 53. பிடித்துக் கொடுத்தது இணைந்த கணிதம் இல்லை, நாங்கள் படித்த இரசாயனம். திருத்தத்துக்குப் பைதனில் ஒரு வரி போதுமாக இருந்தது.

கம்பியூட்டர் சயன்ஸ்காரர் சண்டைக்கு வர வேண்டாம். நிலத்தடி நீரோட்டத்தை வகையீட்டுச் சமன்பாடுகளால் மாதிரியாக்கப் போகிறவருக்குக் கணிதம் வேண்டும்தான். கிணற்று நீர்மட்டத்துக்கு நான் எழுதிய முதல் மாதிரி (model) வெறும் கூட்டல் கழித்தல்: நேற்றைய மட்டத்தோடு மழையில் ஒரு பங்கைக் கூட்டு, இறைப்பையும் கசிவையும் கழி, நாள் நாளாக லூப்பில் ஓட்டு. கார்த்திகை மழைக்கு ஏறுவது ஓரளவு பொருந்தியது. பங்குனியில் இறங்குவது பொருந்தவேயில்லை, யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்ற கணக்கு எவரிடமும் இல்லையே.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். கிணற்றைத் திறந்து விடுகிற வீட்டுக்காரருக்கு முடிவை யாரும் சொல்வதில்லை. ‘போன முறையும் போத்திலில கொண்டு போனவை தம்பி, பிறகு ஒரு கதையுமில்லை’ என்றார் ஒரு அம்மா. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணீர் அது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது என்பதையாவது சொல்லிவிட்டு வரக்கூடாதா? அறிக்கை மட்டும் அழகாகக் கட்டி அலுமாரிக்குள் போய்விடும்.

சரி, உங்கள் விசயம். மடிக்கணினி பழையதென்றால் கூகுள் கொலாப்பில் பிரவுசரிலேயே எழுதலாம். பைதனா, ஆர் (R) என்ற மற்றக் கணினி மொழியா என்று மண்டையை உடைக்க வேண்டாம். உங்கள் ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசைக்காரர் எதைப் பாவிக்கிறாரோ அதையே எடுங்கள், சிக்கினால் கேட்க ஆள் வேண்டும்.