சதவீதம் வேறானால் அப்பாவும் வேறா?

கேள்வி: வீட்டிலேயே எச்சில் எடுத்து அனுப்பும் டிஎன்ஏ பரிசோதனையை நானும் தங்கையும் சேர்ந்து செய்தோம். பூர்வீகம் பற்றிய அறிக்கையில் ஒரு நிலப்பகுதி எனக்கு 31 சதவீதம், அவளுக்கு 14. இன்னொரு பகுதி அவளுக்கு இருக்கிறது, எனக்கு இல்லவே இல்லை. எங்களுக்கு அப்பா ஒருவர்தானா என்று மனசு அடித்துக்கொள்கிறது. அம்மாவிடம் கேட்டுவிடலாமா?

பதில்: இப்போது கேட்காதீர்கள். அந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து அப்பா யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி என்பது எல்லாருக்கும் பொது. எந்தப் பாதி என்பதுதான் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அப்பா உங்களுக்குக் கொடுத்த 50 சதவீதத்தில் தாத்தாவின் பங்கு 28, பாட்டியின் பங்கு 22 என்று இருக்கலாம், தங்கைக்கு அது அப்படியே தலைகீழாகப் போயிருக்கலாம். பாட்டி வழியில் வந்த ஏதோ ஒரு துண்டு அவளுக்குக் கிடைத்திருக்கிறது, உங்களுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். தவிர, இந்தச் சதவீதமே ஒரு மதிப்பீடு. இன்று வாழும் மக்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். மாதிரிகள் கூடினால் கணக்கை மறுபடி போடுவார்கள், நீங்கள் மறுபடி எச்சில் கொடுக்காமலே அந்த 31 வேறு எண்ணாகிவிடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது, பரிசோதனை நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் உறவினர் பட்டியலை. இருவரும் அங்கே உங்கள் கணக்கின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) அதற்குச் சம்மதம் கொடுத்திருந்தால், உங்களுக்குள் பொதுவான டிஎன்ஏ எவ்வளவு என்று அதில் இருக்கும். தாய் தந்தை இருவரும் ஒன்றென்றால் சுமார் 50 சதவீதம், பொதுவான டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தைச் சொல்லும் சென்டிமார்கன் என்ற அலகில் 2,600-ஐ ஒட்டி வரும். ஒருவர் மட்டும் பொது என்றால் சுமார் 25 சதவீதம், சென்டிமார்கனில் 1,750 அளவில். (அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் பொருந்தும் இடத்தைப் பல நிறுவனங்கள் சென்டிமார்கனில் ஒருமுறைதான் எண்ணும், அதனால்தான் 2,600 என்பது 1,750-இன் இருமடங்காக இல்லை.) கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பதற வேண்டாம்.

50-ஐ ஒட்டி வந்தால் அம்மாவிடம் கேட்க ஒன்றுமே இல்லை. 25 வந்தால் கேட்கலாம், ஆனால் அறிக்கையை முகத்துக்கு நேரே நீட்டி அல்ல. குழந்தை வேண்டி தானமாகப் பெற்ற விந்தணுவோடு சிகிச்சை எடுத்துக்கொண்டதை வெளியே சொல்லாத பெற்றோர் எத்தனையோ பேர், அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே எடுத்த முடிவாக அது இருக்கலாம். அப்புறம், அந்தப் பட்டியல் தங்கைக்கும் தெரியும். அதனால் நீங்கள் மட்டும் தனியாகத் திறக்காமல் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.