எந்த விண்டோஸ் முதலில் திறக்க வேண்டும்?

கேள்வி: டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கணினியில் புதிதாகப் போட்ட எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 10-ம், பழைய ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 7-ம் உள்ளன. பழைய எழுத்துருக்களில் செய்த திருமணப் பத்திரிகைகளைத் திருத்துவதற்கு மட்டுமே விண்டோஸ் 7 வேண்டும். ஆனால், காலையில் ஆன் செய்தால் அதுதான் திறக்கிறது. பயாஸ் என்னும் மதர்போர்டின் தொடக்க அமைப்புகளில் மாற்றிவைத்தாலும் சில நாட்களில் பழையபடி ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஆன் செய்ததும் இரண்டு விண்டோஸ்களின் பெயர்களும் திரையில் பட்டியலாக வந்தால், விண்டோஸ் 10-இல் உள்ள 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' செயலியின் 'பூட்' பக்கத்திலேயே இதை மாற்றிவிடலாம். பயாஸில் மாற்றியபோது உங்களுக்குப் பலன் கிடைத்திருப்பதால், எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்பதை மதர்போர்டுதான் முடிவு செய்கிறது என்று கொள்ளலாம்.

அந்த மாற்றம் நிலைக்காமல் போவதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. அடுத்த முறை அப்படி நேரும்போது, பயாஸ் திரையில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். அவையும் பின்னோக்கிப் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். இரவில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் செல்லும் கடைகளில் இது விரைவில் வெளிப்படும். பெரும்பாலான மதர்போர்டுகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற வகை. இதற்காக ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை, கைக்கடிகாரக் கடைகளிலேயே கிடைக்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு புதியதைப் பொருத்துங்கள். அதற்கு முன்பு, கணினி சரியாக இயங்கும் நிலையில், பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; ஏனெனில் டிஸ்க்குகளை இயக்கும் முறையைக் குறிக்கும் 'சாட்டா மோடு', பழைய முறையில் கணினியைத் தொடங்க உதவும் 'சி.எஸ்.எம்.' ஆகிய அமைப்புகள் மாறிவிட்டால் விண்டோஸ் 7 திறக்காமலே போகக்கூடும். நேரம் சரியாக இருந்தும் வரிசை மட்டும் மாறுகிறதென்றால், எஸ்.எஸ்.டி.யின் கேபிளைச் சந்தேகியுங்கள். இணைப்பு தளர்ந்து ஒருமுறை அது கண்ணில் படாமல் போனாலும், பல மதர்போர்டுகள் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அடுத்த டிஸ்க்கை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

பிறகு டெலீட் அல்லது எஃப் 2 விசையால் பயாஸைத் திறந்து, பூட் வரிசையில் எஸ்.எஸ்.டி.யை முதலில் வையுங்கள். அங்கே 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற பெயர் எஸ்.எஸ்.டி.யைக் குறித்து இருந்தால், வெறும் டிஸ்க்கின் பெயரை விட்டுவிட்டு அதையே முதலிடத்தில் வைக்க வேண்டும். சில மதர்போர்டுகளில் ஹார்டு டிஸ்க்குகளுக்குள் எது முதல் என்பதற்குத் தனிப் பக்கம் இருக்கும். அங்கும் மாற்றி, எஃப் 10 அழுத்திச் சேமியுங்கள்.

விண்டோஸ் 7 தேவைப்படும் நாளில் இந்த வரிசையைத் தொடாதீர்கள். ஆன் செய்தவுடன் எஃப் 8, எஃப் 11, எஃப் 12 ஆகியவற்றுள் உங்கள் மதர்போர்டுக்கு உரிய விசையை அழுத்தினால், அந்த ஒரு முறைக்கு மட்டும் டிஸ்க்கைத் தேர்ந்துகொள்ளலாம். 2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்கான பொதுப் பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டதால், இணைய கேபிளைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். விண்டோஸ் 10-இல், கணினியை முழுதாக அணைக்காமல் அடுத்த முறை விரைவாகத் திறக்க வைக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் நிறுத்திவிடுங்கள்; அது இயங்கும் நிலையில் இரண்டு விண்டோஸ்களும் ஒரே டிஸ்க்கில் மாறி மாறி எழுதினால், வாடிக்கையாளர்களின் கோப்புகளே பழுதாகிவிடக்கூடும்.