ஒருமுறை வற்றினால் போதுமா?

கேள்வி: மத்தியதரைக் கடலுக்கு அடியில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனாக உப்புப் படிவம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒரு காலத்தில் கடல் வற்றியது, உப்பு தங்கியது. விஷயம் அவ்வளவுதானே? இதற்குப் போய் லட்சக்கணக்கான ஆண்டுகள், பல கட்டங்கள் என்று ஏன் நீட்டிக்கொண்டே போகிறீர்கள்?

– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கணக்கு இடிக்கிறதே! நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தக் கடலின் ஒரு லிட்டர் நீரில் 38 கிராம் அளவுக்கு உப்புகள் கரைந்திருக்கின்றன. ஒரு கிலோமீட்டர் ஆழ நீர் சொட்டு மிச்சமில்லாமல் வற்றினாலும் அடியில் தங்குவது 15 மீட்டர் சொச்சம்தான். கடலின் சராசரி ஆழமே ஒன்றரை கிலோமீட்டர். கீழே கிடக்கும் உப்போ ஏறக்குறைய 10 லட்சம் கன கிலோமீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். இன்றைய கடலை 15 முறை முழுக்க வற்றவைத்தாலும் அந்த அளவு தேறுவது கஷ்டம். ஆக, நீர் எப்படிப் போனது என்பதோடு கேள்வி நிற்காது. புது நீர் எப்படி வந்துகொண்டே இருந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

வந்தது அட்லாண்டிக்கிலிருந்து. மத்தியதரைக் கடலில் மழையும் ஆறுகளும் கொண்டுவருவதைவிட ஆவியாகிப் போவது அதிகம், இன்றைக்கும் அப்படித்தான். 14 கிலோமீட்டர் வரை ஒடுங்கும் ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக் நீர் மேலாக உள்ளே பாய்கிறது. உப்பேறிக் கனத்த நீர் அதற்குக் கீழாக வெளியே போகிறது. உப்பு சேராமல் காப்பது அந்தக் கீழோட்டம்தான். சுமார் 59.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் நெருங்கி நெருக்கியதில் நிலம் உயர்ந்தது. தென் ஸ்பெயின், வட மொராக்கோ வழியாக அப்போது இருந்த கடல்வழிகள் ஆழம் குறைந்து ஒடுங்கின. அப்படி ஒடுங்கும்போது முதலில் தடைபடுவது அடியில் போகும் கனத்த நீர். உள்ளே வருவது வந்துகொண்டிருக்கும், உப்பு வெளியேற வழியிருக்காது.

அப்புறம் நடந்தது தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதுதான். கடல்நீர் நேராக உப்பாகிவிடுவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட் பிரிகிறது. நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும் வாக்கில் ஜிப்சம். பத்தில் ஒன்றான பிறகே நாம் சமையலுக்குப் போடும் உப்பு. கடைசியில் பொட்டாசியம், மெக்னீசியம் உப்புகள் நிறைந்த கசப்பு நீர் மிஞ்சும். 1849இல் உசிலியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல் நீரையே சுண்டவைத்து இந்த வரிசையை அளந்து எழுதினார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்புக்கல் எல்லாமே இப்படிச் சுண்டிப் பிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பகுதி, சாதாரணக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பவளங்களும் பாசிகளும் கட்டியது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் அந்தச் சிப்பிகளைக் கையால் தடவியே பார்க்கலாம்.

நீங்கள் சலித்துக்கொள்ளும் 'கட்டங்கள்' வட இத்தாலியில், ஃபயன்ஸா ஊருக்குப் பக்கத்து மலைத்தொடரில் திறந்தே கிடக்கின்றன. ஒரு ஜிப்சம் அடுக்கு, மேலே ஒரு களிமண் அடுக்கு, மறுபடி ஜிப்சம், மறுபடி களிமண். பதினாறு ஜிப்சம் அடுக்குகள் வரை எண்ணியிருக்கிறார்கள். பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால் ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கு ஒருமுறை வறண்ட காலமும் ஈரமான காலமும் மாறி மாறி வந்ததன் பதிவு அது. வறட்சியில் ஜிப்சம், மழைக்காலத்தில் களிமண். அந்தப் படிகங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: அடியிலிருந்து மேல்நோக்கி, நெருக்கியடித்து, சில இடங்களில் ஆள் உயரத்துக்குக்கூட வளர்ந்து நிற்கின்றன. நீருக்கு அடியில் தரையில் நின்று வளர்ந்தால்தான் இப்படி அமையும். அங்கே அப்போது கடல் வற்றவே இல்லை. செறிந்த நீர் நிறைந்தே இருந்தது.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஜிப்சம் படிய மூன்று லட்சம் ஆண்டுக்கு மேல் ஆனது என்றாலும், ஆழ்கடலின் பெரும் உப்புப் படிவம் சுமார் 50,000 ஆண்டுக்குள் படிந்திருக்க வேண்டும் என்பதே இன்று பலரின் கணிப்பு. மண்ணியலில் இது கண்மூடித் திறக்கும் நேரம். அந்தக் கட்டத்தில் நீர்மட்டம் வெகுவாக இறங்கியதற்கும் சான்று இருக்கிறது. அஸ்வான் அணைக்காகத் துளையிட்டபோது, இன்றைய நைல் படுகைக்குக் கீழே, கடல்மட்டத்தைவிடத் தாழ்வான ஒரு பள்ளத்தாக்கு புதைந்து கிடப்பதைச் சோவியத் மண்ணியலாளர் சுமக்கோவ் கண்டறிந்தார். அதில் கடல் வண்டல் நிரம்பியிருந்தது. கடல் மிகத் தாழ்ந்திருக்காவிட்டால் நைல் அவ்வளவு ஆழம் அரித்திருக்க முடியாது. சிசிலியின் ரியல்மோந்தே உப்புச் சுரங்கத்தில், வெயில் பட்டுப் பிளந்த வெடிப்புகள் உப்பு அடுக்குக்குள்ளேயே தெரிகின்றன.

எவ்வளவு இறங்கியது என்பதில்தான் இன்னும் சண்டை. 1970இல் கடலடியைத் துளையிட்டு ஆராய்ந்த குளோமார் சேலஞ்சர் கப்பலில் போன மண்ணியலாளர்கள் கென்னத் ஷூவும் வில்லியம் ரையனும், ஆழ்பள்ளமே காய்ந்து பாலையானது என்றார்கள். ஆழமான நீர் இருக்கும்போதே உப்பு படிய முடியும் என்று மறுப்பவர்களும் உண்டு. அந்தக் கப்பலின் துரப்பணம் எட்டியது ஆழ்கடல் படிவத்தின் மேற்பகுதியை மட்டுமே.