தொடங்கிய பழக்கம் மூன்றாம் நாளே நின்றுவிடுகிறதே, என்ன செய்வது?

வேலை முடிந்து வந்ததும் நடக்க நினைத்து, ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாளே கைவிடுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து உங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ளாதீர்கள். ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதில்தான் சிக்கல். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டால், கழற்றிய காலணியை மறுபடி மாட்ட யாருக்குத்தான் மனம் வரும்?

நான் சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கிறேன். எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போவது என்று வைத்துக்கொண்டேன். கதவைத் திறப்பதற்குள் அன்றைய நடை முடிந்திருக்கும். அடைமழை என்றால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்து நிமிடம், அவ்வளவுதான். எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது செயலில் இறங்க உதவுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கினார்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி மனம் உடையாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். பழக்கம் தானாக வர ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது (12 வாரத்தைத் தாண்டிய நாள்கள் கணிப்பு). இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. உங்கள் மூன்றாம் நாளும் அப்படித்தான்; நான்காம் நாள் அதே நிலைய வாசலிலிருந்து நடங்கள்.