பள்ளியில் இசைத் தொழில்நுட்ப ஆய்வகம்: ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவை

பழைய கணினி அறை ஒன்று சும்மா கிடக்கிறது. ஒலிப்பதிவுக் கூடம் கட்டாமல் ஆய்வகம் தொடங்கலாமா?
– தலைமையாசிரியர், அரசு உதவி பெறும் பள்ளி

தாராளமாக. கூடம் கட்டினால் ஒரு குழந்தை உள்ளே பாடும், மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு கணினி, ஒரு சிறிய யுஎஸ்பி கீபோர்டு, ஆளுக்கொரு ஹெட்போன் போதும். ஒலிப்பதிவுக்கு அறையின் ஒரு மூலையை ஒதுக்கி, ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இரண்டு மைக்குகளும் வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, இசையமைக்க எல்எம்எம்எஸ், இசைக்குறிப்பு எழுத மியூஸ்ஸ்கோர்; மூன்று மென்பொருள்களும் இலவசம். தயவுசெய்து சுவரில் முட்டை அட்டை ஒட்டாதீர்கள். வெளிச்சத்தத்தை அது தடுக்காது, தூசிதான் சேரும். கனமான திரைச்சீலையும், தரையில் ஒரு ஜமக்காளமும், சுவரோரம் புத்தக அலமாரியும் அதைவிட நன்றாக எதிரொலியைக் குறைக்கும்.

கீபோர்டில் கமகம் (சுரத்தை அசைத்து இசைப்பது) வராது. கர்நாடக இசை படிக்கும் பிள்ளைகளின் காது இதனால் கெட்டுவிடாதா?
– பாட்டு ஆசிரியை, கும்பகோணம்

அம்மா, கீபோர்டை மட்டுமே நம்பினால் கெடும்தான். மின்னிசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி முறை ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து நிறுத்திவிட்டது. ஒலியை வளைக்கப் பக்கத்தில் ஒரு சக்கரம் உண்டு. பெரும்பாலான கருவிகளில் அது மேலே இரண்டு அரைச்சுரமும் கீழே இரண்டு அரைச்சுரமும் நகரும் (அடுத்தடுத்த இரு விசைகளுக்கு இடையிலான தூரமே அரைச்சுரம்). தோடி ராகத்தின் காந்தாரத்திலிருந்து, அதன் கீழும் மேலும் உள்ள ரிஷபத்தையும் மத்யமத்தையும் தொட அந்தத் தூரம் போதும். ஆனால் சக்கரத்தை உருட்டிக் கமகம் பழகுவது வீண் வேலை.

இந்த அறை உங்களுக்குப் பயன்படும் இடம் வேறு. சோனிக் விஷுவலைசர் என்ற இலவச மென்பொருள், பாடிய குரலின் சுருதியைக் கோடாக வரைந்து காட்டும். ஒரு மாணவியைத் தோடி காந்தாரம் பாடச் சொல்லிப் பதிவு செய்து, திரையில் காட்டுங்கள். 'க' என்று அவள் நினைத்துப் பாடிய இடத்தில் கோடு காந்தாரத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடுகிறது. "சரியாக அசை" என்று வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் புரியாத குழந்தைக்கு இது புரியும்.

இன்னொன்று. தம்புராவை ஒலிக்கவிட்டு, அதே சுருதியில் கீபோர்டின் அந்தர காந்தாரத்தை அழுத்துங்கள். தம்புராவின் ஸட்ஜத்துக்குள் தானாக ஒலிக்கும் காந்தாரத்தைவிடக் கீபோர்டுடையது சுமார் 14 சென்ட் (அரைச்சுரம் என்பது 100 சென்ட்) கூடுதலாக இருக்கும். எது உறுத்துகிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள். காது கெடுவதற்குப் பதில் கூர்மையாகும்.

விசையை அழுத்திச் சற்று கழித்துத்தான் ஒலி கேட்கிறது. கணினி பழசு என்பதாலா?
– கணினி ஆசிரியர், ஈரோடு

புளூடூத் ஹெட்போன் வாங்கியிருக்கிறீர்களா? முதலில் அதைக் கழற்றிவிட்டு, வயர் உள்ளதை மாட்டுங்கள். அப்படியும் தாமதம் இருந்தால் விண்டோஸில் ஏசியோ டிரைவரை (ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) நிறுவி, பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, 256 என்று வையுங்கள். வினாடிக்கு 44,100 மாதிரி என்ற வீதத்தில் அது ஆறு மில்லி வினாடிக்கும் குறைவு, விரலுக்குத் தெரியாது. அதற்கும் கீழே இறக்கினால் பழைய கணினி திணறும், ஒலி வெடித்து வெடித்து வரும்.

பதிவில் எப்போதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கிறதே?
– இசை ஆசிரியர், திருநெல்வேலி

அது பெரும்பாலும் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்து பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் கோளாறு எர்த்திங்கில் இருக்கலாம்; எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சிலர் பிளக்கின் மூன்றாவது முள்ளை வெட்டிவிடுவார்கள். இரைச்சல் நிற்கலாம், ஆனால் குழந்தைகள் கை வைக்கும் இடத்தில் அது உயிரோடு விளையாடுவது. மின்விசிறிச் சத்தம் என்றால் சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கைத் தேடாதீர்கள். சாதாரண டைனமிக் மைக்கை வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் வைத்தாலே போதும்.

நாள் முழுக்க ஹெட்போன் என்றால் காது என்ன ஆகும்?
– ஏழாம் வகுப்பு மாணவனின் தாய்

நல்ல கேள்வி. குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஆய்வக வகுப்பு வாரத்தில் இரண்டு பாடவேளைதான் இருக்கும். ஆனாலும் ஒலி அளவைப் பிள்ளைகள் கையில் விடக் கூடாது. காதை முழுவதும் மூடும் வகையை வாங்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தம் குறைந்தால் ஒலியைக் கூட்டத் தோன்றாது.

ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாடிய சினிமாப் பாட்டை யூடியூபில் ஏற்றலாமா?
– தாளாளர், தனியார் பள்ளி

பள்ளி நிகழ்ச்சியில் மாணவர்கள் பாடுவதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. இணையத்தில் ஏற்றுவது அந்தச் சலுகைக்குள் வராது. தியாகராஜர் கீர்த்தனை என்றால் சிக்கல் இல்லை. அவர் மறைந்தது 1847இல். ஆனால் பின்னணிக்கு யாரோ ஒரு வித்வானின் ஒலித்தட்டை ஓடவிட்டிருந்தால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை இருக்கக்கூடும். பிள்ளைகளே வாசித்து, ஆய்வகத்திலேயே பதிவு செய்ததை ஏற்றுங்கள். முகம் தெரிந்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.