எக்ஸ்எஸ்எல்டியில் ஒரே கணுவுக்கு இரண்டு டெம்ப்ளேட்டுகள் பொருந்தினால் எது இயங்கும்?

எக்ஸ்எஸ்எல்டி (XSLT) என்பது எக்ஸ்எம்எல் ஆவணத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி. ஆவணத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு கணு. எந்தக் கணு வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் விதிதான் டெம்ப்ளேட். 'தலைப்பு' என்று ஒரு டெம்ப்ளேட்டும் 'இயல்/தலைப்பு' என்று இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். இயலின் தலைப்புக்கு எப்போதும் இரண்டாவதுதான் இயங்குகிறது, வரிசையை மாற்றினாலும் மாறவில்லை, ஏன் என்று கேட்கிறீர்கள். (எலிமென்ட் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருப்பது மகிழ்ச்சி. எக்ஸ்எம்எல் தரநிலை அதற்குத் தாராளமாக இடம் தருகிறது.)

டெம்ப்ளேட்டின் மேட்ச் (match) பண்பில் எழுதுவது, ஆவணத்துக்குள் கணுக்களைத் தேடப் பயன்படும் எக்ஸ்பாத் பாதை போலவே பார்வைக்கு இருக்கும். ஆனால் அது எதையும் தேடிப் போவதில்லை. தேடி எடுத்து வருவது அப்ளை-டெம்ப்ளேட்ஸ் (apply-templates) கட்டளையின் செலக்ட் (select) பண்பு. அப்படி வந்து நிற்கும் கணுவைச் சோதிப்பது மட்டுமே மேட்ச்சின் வேலை. ஆகவே அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள்: உன் பெயர் தலைப்பா? உன் பெற்றோர் இயலா? இரண்டுக்கும் ஆம் என்றால் பொருத்தம்.

இயலின் தலைப்பு உங்கள் இரண்டு டெம்ப்ளேட்டுகளுக்குமே பொருந்துகிறது. அங்கே முன்னுரிமை எண் தீர்ப்புச் சொல்கிறது: பெரிய எண் உள்ளதே இயங்கும். வெறும் பெயருக்கு 0, நட்சத்திரக் குறிக்கு -0.5, சாய்கோடோ சதுர அடைப்போ சேர்ந்தால் 0.5. 1999இல் வந்த 1.0 பதிப்பிலிருந்தே இதுதான் விதி. அதனால்தான் வரிசை உங்களுக்கு எடுபடவில்லை.

'எங்கிருந்தாலும் பொருந்தட்டும்' என்று பலர் '//தலைப்பு' என எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 'தலைப்பு' என்றாலே எந்த ஆழத்தில் இருந்தாலும் பொருந்தும். முன்னே இரட்டைச் சாய்கோடு போட்டால் பொருத்தம் அதிகமாகாது, முன்னுரிமைதான் 0.5க்கு ஏறும். இப்போது அது 'இயல்/தலைப்பு'க்குச் சமம். 1.0 விதிப்படி இது பிழை. ஆனாலும் கடைசியாக எழுதிய டெம்ப்ளேட்டை எடுத்துக்கொண்டு தொடர, எக்ஸ்எஸ்எல்டியை இயக்கும் மென்பொருளுக்கு அனுமதி உண்டு. அதுவரை பொருட்படுத்தாத வரிசை திடீரென்று முடிவைத் தீர்மானிக்கத் தொடங்கும். இந்த வகைப் பிழையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பொதுவான டெம்ப்ளேட்டை வெறும் பெயரோடு விடுங்கள். மோதல் தவிர்க்க முடியாத இடத்தில், முன்னுரிமை எண்ணை நாமே குறிக்கும் பிரையாரிட்டி (priority) பண்பை வெளிப்படையாக எழுதுங்கள்.

'தலைப்பு[1]' என்பதும் ஆவணத்தின் முதல் தலைப்பைக் குறிக்காது. ஒவ்வொரு பெற்றோரின் கீழும் உள்ள முதல் தலைப்பு அது.

எந்த டெம்ப்ளேட்டும் பொருந்தாத எலிமென்டை எக்ஸ்எஸ்எல்டியிலேயே அமைந்துள்ள உள்ளிருப்பு விதி கையாளும்: பிள்ளைகளுக்குள் இறங்கி உரையை அப்படியே வெளியிடும். வேண்டாத 'விலை' எலிமென்டின் உரை வெளியீட்டில் வந்தால், அதற்கு ஒரு வெற்று டெம்ப்ளேட் போதும்.

எல்லாம் சரியாக எழுதியும் எதுவுமே பொருந்தாமல் வெறும் உரை கொட்டினால், மூலக் கோப்பின் வேர் எலிமென்டில் இயல்புநிலைப் பெயர்வெளி (xmlns="முகவரி" என்று எழுதி, எலிமென்ட் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்வது) அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டெம்ப்ளேட்டுகள் உள்ள ஸ்டைல்ஷீட் கோப்பில் அதே முகவரிக்கு 'நூ' என்பது போல ஒரு முன்னொட்டை அறிவித்து 'நூ:தலைப்பு' என்று எழுத வேண்டும்.