மழைக்கு முன்னால ஃப்ளூ ஊசி போட்டுக்கலாமா? வடசென்னைக்காரர்களின் கேள்விகளும் ஒரு நர்சின் பதில்களும்

போன ஞாயிற்றுக்கிழமை தெரு நலச்சங்கக் கூட்டத்தில் கொசு மருந்தைப் பற்றிப் பேசப் போய், பேச்சு எப்படியோ ஃப்ளூ ஊசிக்கு வந்துவிட்டது. நானும் சும்மா இருக்காமல் "கேள்வியெல்லாம் எழுதிக் கொடுங்க, பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு கட்டைப்பை நிறையச் சீட்டு வந்து சேர்ந்தது. நான் டாக்டர் இல்லை. 31 வருடம் தடுப்பூசி அறையில் ஊசி போட்டு ஓய்வு பெற்ற நர்ஸ், வீடு தண்டையார்பேட்டையில். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி: அக்கா, சளி ஜுரத்துக்கெல்லாம் ஊசியா? ரெண்டு நாள் மிளகு ரசம் சாப்பிட்டா ஓடிடாதா?

சளி வேற, ஃப்ளூ வேற தம்பி. சளி மெதுவாக வரும், முதல் நாள் தொண்டை கரகரக்கும், அடுத்த நாள் மூக்கு ஒழுகும். ஃப்ளூ வந்தவர்கள் மணி பார்த்துச் சொல்வார்கள். "மூணு மணிக்கு ஐஸ் பெட்டி தூக்கிட்டிருந்தேன், நாலு மணிக்கு உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி ஆயிடுச்சு" என்று உங்கள் பக்கத்து ஆள் ஒருவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். உங்கள் வயதுக்கு, வேறு நோய் எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவீர்கள், ரசமும் நல்லதுதான். ஆனால் அதே வீட்டில் சர்க்கரை உள்ள அம்மா இருக்கிறார் என்று சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்களே, கேள்வியை அங்கேயிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

வியாசர்பாடி: அப்போ யாருக்குத்தான் கட்டாயம்?

கட்டாயம் என்று யாருக்கும் இல்லை. யாருக்கு நான் கெஞ்சியாவது போட வைப்பேன் என்று கேட்டால் சொல்கிறேன்: 65 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகள், சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள். மற்றவர்கள் போட்டால் நல்லது, போடாவிட்டால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

மணலி: என் கணவருக்கு வீசிங் இருக்கு, இன்ஹேலர் எடுக்கிறார். ஊசி போட்டா வீசிங் கூடுமான்னு பயமா இருக்கு சிஸ்டர்.

இந்தக் கேள்வி மணலி, எண்ணூர், கத்திவாக்கம் என்று அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஏழு சீட்டில் வந்திருக்கிறது, எனக்கு ஆச்சரியமே இல்லை. லாரித் தூசியும் புகையும் சேர்ந்து நெஞ்சை ஏற்கெனவே பாதி அடைத்து வைத்திருக்கும் ஊர், மாடியில் காயப் போட்ட வேட்டியைச் சாயங்காலம் உதறினால் கறுப்பாக விழும். அப்படிப்பட்ட நுரையீரலில் ஃப்ளூ வைரஸ் இறங்கினால் சும்மா இருக்கிறவரையும் மூச்சுத்திணறலில் கொண்டு போய் நிறுத்தும், அதற்கு மேல் நிமோனியா வேறு சேர்ந்துகொள்ளும். அதனால் வீசிங் இருப்பவர்தான் முதலில் போட வேண்டியவர். கையில் போடும் சாதாரண ஊசியில் இருப்பது செத்த வைரஸின் துண்டுகள், அது வீசிங்கைக் கிளப்பாது. மூக்கில் விடும் மருந்து ஒன்று உண்டு, அதில் உயிருள்ள, வலு குறைக்கப்பட்ட வைரஸ் இருக்கும். அது ஆஸ்துமாக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். "ஊசிதான் வேணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அன்றைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தால் அது அடங்கட்டும், அப்புறம் போகலாம்.

பெரம்பூர்: இது குளிர் நாட்டு நோய்தானே? நமக்கெதுக்கு? போடறதானா எந்த மாசம்?

குளிர் நாட்டு நோயா! 1957-ல் ஆசியா முழுக்கச் சுற்றிய ஃப்ளூ இந்தியாவுக்குள் காலெடுத்து வைத்ததே நம்ம துறைமுகம் வழியாகத்தான். மே மாதம், கத்திரி வெயில் கொளுத்தும் நேரம், சிங்கப்பூர் பக்கமிருந்து வந்த கப்பலோடு மதராஸில் இறங்கியது. அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுக்கக் கணக்கில் வந்தவர்கள் மட்டுமே 44 லட்சத்துக்கு மேல். ராயபுரத்துப் பழைய ஆட்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளைக்கார நாடுகளில் குளிர்காலத்தில் ஏறும். நமக்கு மழையோடு ஏறும், அதுவும் சென்னையில் ஐப்பசி கார்த்திகை அடைமழை, எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் உட்காரும் நேரம். ஊசி போட்டு உடம்பில் பலன் பிடிக்க இரண்டு வாரம் ஆகும். அதனால் செப்டம்பரில், தள்ளிப்போனால் அக்டோபர் முதல் வாரத்தில் போட்டுவிடுங்கள். தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவில் நசுங்கிவிட்டு வந்து மறுநாள் ஊசி கேட்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். அப்போதும் போடலாம், ஒன்றும் வீணில்லை, ஆனால் அந்த இரண்டு வாரத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கொருக்குப்பேட்டை: போன வருஷம் போட்டேன், அப்படியும் ஜுரம் வந்துச்சு. ரெண்டாயிரம் தண்டம்.

கோபம் நியாயம்தான். முதலில், வந்தது ஃப்ளூதானா என்று தெரியாது. நம்ம ஊர் மழைக்காலத்தில் ஜுரம் கொடுக்கும் கிருமி நிறைய உண்டு, இந்த ஊசி அதில் ஒன்றுக்கு மட்டும்தான். ஃப்ளூவாகவே இருந்தாலும், ஊசி நன்றாகப் பொருந்திய வருடத்தில்கூட டாக்டரிடம் போகிற அளவுக்கு நோய் வரும் வாய்ப்பை 40-லிருந்து 60 சதவீதம்தான் குறைக்கும். அம்மை ஊசி மாதிரி இல்லை. பிறகு எதற்கு என்றால், வந்தாலும் பெரும்பாலும் வீட்டுக் கட்டிலோடு போய்விடும், ஐசியு கட்டிலுக்குப் போகிற ஆபத்து குறையும். ஹெல்மெட் போட்டவரும் விழத்தான் செய்வார்.

ஏன் வருஷா வருஷம் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வைரஸ் சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும், உடம்பில் ஏறின பலனும் மாதங்கள் போகப் போக இறங்கும். எந்த வகையை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் முடிவு பண்ணுகிறது. பெட்டியின் மேல் எந்தப் பருவத்துக்கானது என்று அச்சடித்திருப்பார்கள். படித்துப் பாருங்கள், கிடைப்பதில் புதியதைக் கேளுங்கள். நாலு வைரஸ் வகைக்கான ஊசியா, மூணு வகைக்கானதா என்று குழம்ப வேண்டாம். நாலாவதாக இருந்த யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்கேயும் உறுதியாகத் தென்படவில்லை, இரண்டில் எது கிடைத்தாலும் சரி.

புளியந்தோப்பு: ஊசியே ஃப்ளூவைக் கொடுத்துடும்னு சொல்றாங்களே?

செத்த வைரஸ் எழுந்து வராது. கை வலிக்கும், ஒன்றிரண்டு நாள் லேசான ஜுரமும் அசதியும் இருக்கலாம். பாராசிட்டமால் போதும்.

ராயபுரம்: மருமகளுக்கு ஆறாம் மாசம். இப்போ போடலாமாம்மா? எங்க சம்பந்தி வேண்டாம்ங்கறாங்க.

சம்பந்தியம்மாவிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லுங்கள். எந்த மாதத்திலும் போடலாம். கர்ப்பத்தில் நுரையீரலுக்கு இடம் குறைவு, இதயத்துக்கு வேலை அதிகம், அந்த நேரத்தில் ஃப்ளூ வந்தால் சாதாரணப் பெண்ணைவிட அவளுக்கு ரொம்பச் சிரமம். இன்னொன்று, குழந்தைக்கு ஆறு மாதம் முடிகிற வரைக்கும் இந்த ஊசியைப் போடவே முடியாது. அம்மா போட்டுக்கொண்டால் அந்த எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் போய், பிறந்த குழந்தையை முதல் சில மாதம் காக்கும். ஒரு ஊசி, இரண்டு உயிர். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், ஆனால் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

எருக்கஞ்சேரி: மூணு வயசுப் பையன், முதல் தடவை. ஒண்ணு போதுமா?

முதல் தடவை போடுகிற, ஒன்பது வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இரண்டு ஊசி, நாலு வாரம் இடைவெளி. அடுத்த வருடத்திலிருந்து ஒன்றுதான். முட்டை ஒத்துக்காத பிள்ளைக்கும் இப்போதெல்லாம் போடுகிறார்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போட்டால் போதும்.

தண்டையார்பேட்டை, நேதாஜி நகர்: போலியோ சொட்டு மாதிரி கவர்மெண்டுல இலவசமா கிடைக்காதா?

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. அதனால் போலியோ மாதிரி எல்லாருக்கும் இலவசம் என்று எதிர்பார்க்க முடியாது. தனியாரில் ஊசி ஒன்று சுமார் 1,500 ரூபாயிலிருந்து 2,000-க்கு மேல் வரை போகிறது. ஐந்து பேர் வீட்டுக்குப் பத்தாயிரம், ஒரு மாத வாடகை. எல்லாருக்கும் போடுங்கள் என்று வாய்கூசாமல் சொல்ல என்னால் முடியவில்லை. கையில் இருப்பது ஒரு ஊசிக்குத்தான் என்றால், கர்ப்பிணி இருந்தால் அவருக்கு. இல்லையென்றால் சர்க்கரையோ நெஞ்சு நோயோ உள்ள பெரியவருக்கு. இரண்டுக்கு முடிந்தால் அடுத்தது சின்னக் குழந்தை. சம்பாதிக்கிற ஆள் முதலில் போட்டுக்கொள்ளட்டும் என்று சில வீடுகளில் முடிவு செய்கிறார்கள், அதுவும் ஒரு கணக்குதான், தப்பு என்று சொல்ல மாட்டேன்.

காசு கொடுத்துப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த மருந்து 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒரு தடவை உறைந்துவிட்டால் குப்பைக்குத்தான். சில வருடம் முன்பு என் தங்கையை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள். கதவுத் தட்டில், ஆவின் பாக்கெட்டுக்கும் யாரோ வைத்த இட்லி மாவு டப்பாவுக்கும் நடுவில் ஊசிப் பெட்டி. ஒவ்வொரு தடவை பால் எடுக்கும்போதும் அதுக்குச் சூடு படும். தெர்மாமீட்டரும் கிடையாது. "வேணாம்மா, அப்புறம் வர்றோம்" என்று எழுந்து வந்துவிட்டோம். நீங்களும் கேளுங்கள், நாலு பேர் கேட்டால்தான் தனி ஃப்ரிட்ஜ் வாங்குவார்கள்.

மண்ணடி: அத்தா அடுத்த ஹஜ்ஜுக்குப் போறாங்க, வயசு 70. மூளைக்காய்ச்சல் ஊசி போதுமா?

மூளைக்காய்ச்சல் ஊசி இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். 65 தாண்டியவர்களுக்கு ஃப்ளூ ஊசியும் சேர்த்துப் போடும் ஏற்பாடு ஹஜ் முகாம்களில் உண்டு. அங்கே கூட்டம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது முடித்துவிடுங்கள்.

வண்ணாரப்பேட்டை: ஊசி போட்டா கை கால் விழுந்துடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு.

அந்த வீடியோ எனக்கும் மூன்று தடவை வந்தது. கை கால் பலமிழக்கும் கில்லன் பாரே என்ற நரம்பு நோயைச் சொல்கிறார்கள். ஊசியால் அது கூடுதலாக வந்தாலும் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவர் கணக்குதான். ஃப்ளூ காய்ச்சலுக்குப் பிறகும் அதே நோய் வரும். முன்னால் அது வந்தவர் என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் போடாதீர்கள்.

திருவொற்றியூர்: ஜுரம் வந்தா டெங்குவா ஃப்ளூவான்னு எப்படிங்க தெரியும்? நிலவேம்பு குடிக்கலாமா?

வீட்டில் உட்கார்ந்து உறுதியாகச் சொல்ல முடியாது. இருமலும் தொண்டை வலியும் முன்னால் நின்றால் ஃப்ளூ பக்கம், இருமல் இல்லாமல் கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பில் சிவப்புத் தடிப்பு என்றால் டெங்கு பக்கம் என்று ஒரு யோசனைக்கு வைத்துக்கொள்ளலாம். எதுவென்று தெரிகிற வரை பாராசிட்டமால் மட்டும். புரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் ஆண்டிபயாடிக் கேட்காதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது. ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது, முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். அதனால் மேலே சொன்ன பட்டியலில் உள்ளவர்கள் மூன்று நாள் பார்க்கலாம் என்று படுத்திருக்கக் கூடாது. மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டால் நேராக ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடியுங்கள், நேரம் பார்க்காதீர்கள். நிலவேம்பைக் குடியுங்கள், நானும் குடிக்கிறவள்தான், ஆனால் ஊசிக்குப் பதிலாக என்று நினைத்துக் குடிக்க வேண்டாம்.

எண்ணூர்: அம்மாவுக்கு 81, மூணாவது மாடி, இறங்க முடியாது. என்ன பண்றது அக்கா?

பக்கத்து டாக்டரிடம் வீட்டுக்கு வந்து போட முடியுமா என்று கேளுங்கள். வருகிறவர் மூடி போட்ட வாக்சின் கேரியரில், அதாவது மருந்தைக் குளிராக வைக்கும் பெட்டியில், கொண்டு வர வேண்டும், பிளாஸ்டிக் கவரில் ஐஸ் கட்டியோடு முட்டிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஊசி போட்டதும் உடனே அனுப்பிவிடாமல் அரை மணி நேரம் இருக்கச் சொல்லி ஒரு டீ போட்டுக் கொடுங்கள். யாரும் வரவில்லையென்றால் அம்மாவைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற நீங்கள், வீட்டில் இருக்கிற மற்றவர்கள், பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வந்தால் அவரும், எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள், நோய் மாடி ஏறுவது உங்களோடுதான். போடுகிற அன்றைக்கு அம்மாவுக்குக் கை இறுக்கமான ரவிக்கை வேண்டாம், தோள் வரை தூக்குகிற மாதிரி தளர்வாக ஒரு நைட்டி போட்டுவிடுங்கள்.